0.179 அடித்த பையனுக்கு ரைட் ஃபீல்டைக் கொடுக்கலாமா? ஆரன் ஜட்ஜ், 2016–17

2016 சீசன் முடிந்தபோது நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியில் ரைட் ஃபீல்ட், அதாவது மைதானத்தின் வலது கோடி ஃபீல்டர் இடம், யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. போட்டிக்கு இரண்டு பேர். இரண்டு பேருக்குமே பெயர் ஆரன். ஒருவர் ஆரன் ஹிக்ஸ், மினசோட்டாவிலிருந்து வாங்கிவந்த 27 வயதுக்காரர், அந்த வருடம் 123 ஆட்டத்தில் 0.217 பேட்டிங் ஆவரேஜில் அடித்தவர். இன்னொருவர் ஆரன் ஜட்ஜ், 24 வயது, 6 அடி 7 அங்குலம், 27 ஆட்டத்தில் 0.179.

பின்னால் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2017-இல் 52 ஹோம் ரன், 2022-இல் 62, லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது மூன்று. அதனாலேயே இந்தக் கதையை எல்லோரும் பின்னாலிருந்து முன்னால் சொல்கிறார்கள்: "இவ்வளவு பெரிய ஆளை எப்படிச் சந்தேகப்பட்டார்கள்?" என்று. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் கையில் இருந்த கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், அவரை மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள் ஏ அணிக்கே திருப்பி அனுப்பச் சொன்னவர்கள் முட்டாள்கள் கிடையாது. அவர்கள் பக்கமும் நல்ல வாதம் இருந்தது. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

ஜட்ஜ் மேஜர் லீகுக்கு மேலே வந்த நாள் 2016 ஆகஸ்ட் 13. முந்தின நாள்தான் அலெக்ஸ் ராட்ரிகஸ் யாங்கீஸுக்காகக் கடைசி ஆட்டம் ஆடி முடித்திருந்தார். கார்லோஸ் பெல்ட்ரானை ஆகஸ்ட் 1-ஆம் தேதியே டெக்சஸுக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆரோல்டிஸ் சாப்மனும் ஆண்ட்ரூ மில்லரும் அதற்கு முன்பே போயாகிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு யாங்கீஸ் நிர்வாகம் "இந்த வருடம் போகட்டும், பையன்களைப் பார்ப்போம்" என்று முடிவெடுத்த கோடை அது. பொது மேலாளர் பிரையன் கேஷ்மனுக்கு அந்த முடிவு லேசாக வந்திருக்காது, நியூயார்க்கில் அப்படிச் சொல்லிவிட்டுத் தெருவில் நடக்க முடியாது.

அன்று டாம்பா பே அணிக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸ். டைலர் ஆஸ்டின் என்ற இன்னொரு புதுப் பையன் தன் வாழ்க்கையின் முதல் பேட்டிங்கிலேயே மேட் ஆண்ட்ரீஸ் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) போட்ட பந்தை வெளியே அடித்தார். அடுத்து வந்த ஜட்ஜும் தன் முதல் பேட்டிங்கிலேயே அதே பிட்சரை அடித்தார், பந்து சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் மான்யுமென்ட் பார்க்கையும் தாண்டிப் போய் விழுந்தது. ஒரே அணியின் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தில் முதல் பேட்டிங்கில் ஹோம் ரன் அடிப்பது மேஜர் லீக் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. 1996 சாம்பியன் அணியின் இருபதாம் ஆண்டு விழாவுக்காகப் பழைய ஆட்கள் எல்லாம் வந்திருந்த நாள் வேறு. மறுநாளும் ஜட்ஜ் ஒன்று அடித்தார்.

அப்புறம் சரிவு. செப்டம்பர் 13-ஆம் தேதி விலாப் பக்கத் தசை கிழிந்து சீசன் முடியும்வரை அவர் போட்டது இதுதான்: 95 தடவை பேட் பிடிக்க வந்தார், 9 வாக் (நான்கு தவறான பந்து வந்ததால் சும்மா முதல் பேஸுக்குப் போவது), 15 ஹிட், 4 ஹோம் ரன், 42 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது).

அந்த 42-இல்தான் விஷயமே இருக்கிறது. பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேட்டிங் ஆவரேஜ் என்பது ஹிட்டை பேட்டிங் எண்ணிக்கையால் வகுத்தது, வாக் அதில் சேராது; 0.250 என்றால் பரவாயில்லை, 0.300 என்றால் நல்ல ஆட்டக்காரர். 0.179 மோசம்தான், ஆனால் 95-இல் வாக் போன்றவற்றைக் கழித்து மிஞ்சும் 84 பேட்டிங்கில் ஆவரேஜுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது, நாலைந்து பந்து ஃபீல்டர் கையில் போகாமல் இடுக்கில் விழுந்திருந்தால் 0.230 ஆகியிருக்கும். ஸ்ட்ரைக் அவுட் அப்படியில்லை. அதில் ஃபீல்டர் கிடையாது, காற்று கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு அதிக இடமில்லை. பிட்சருக்கும் பேட்டருக்கும் மட்டும் நடக்கிற கணக்கு அது. அதனால்தான் பேஸ்பால் புள்ளிவிவரக்காரர்கள், மற்ற எண்களைவிட ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சீக்கிரமே, சுமார் 60 தடவை பேட் பிடித்ததுமே, ஆளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துவிடும் என்பார்கள். ஜட்ஜ் 95 தடவை பிடித்து 44 சதவீதம் ஸ்ட்ரைக் அவுட். அந்தச் சமயத்தில் லீக் சராசரி 21 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இரண்டு மடங்குக்கு மேல்!

உடம்பும் ஒரு காரணம். ஸ்ட்ரைக் ஸோன் என்பது முழங்காலிலிருந்து நெஞ்சின் நடுப்பகுதி வரை. 5 அடி 6 அங்குல ஹோசே அல்டுவேக்கு அது ஒரு சின்ன ஜன்னல், ஜட்ஜுக்குக் கதவு. கை நீளமாக இருப்பதால் உள்பக்கம் வரும் வேகப் பந்துக்கு பேட்டைக் கொண்டுவர நேரமாகிறது, அதற்கு பயந்து சீக்கிரம் சுழற்ற ஆரம்பித்தால் வெளியே தாழ்ந்து போகும் ஸ்லைடர் என்ற வளைபந்து காத்திருக்கிறது. பிட்சர்கள் ஒரு வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவ்வளவு உயரத்தில் பேட்டராக நிலைத்தவர்கள் என்று எண்ணினால் 382 ஹோம் ரன் அடித்த ஃபிராங்க் ஹவார்ட் மாதிரி ஒரு சிலர்தான் வருவார்கள். உயரமான பையன்கள் பொதுவாக பிட்சராகப் போய்விடுவார்கள். ஜட்ஜே கலிஃபோர்னியாவில் பள்ளியில் பிட்ச் செய்தவர்தான்.

ஆக, எதிர்வாதம் இப்படி நிற்கிறது: உடம்பு அமைப்பிலேயே ஓட்டை, பிட்சர்களுக்கு ஓட்டை தெரிந்துவிட்டது, எண்ணும் அதிர்ஷ்டக் குறைவால் வந்ததில்லை. கீழே அனுப்பு, சரிசெய்துகொண்டு வரட்டும்.

என் முடிவு வேறு. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், பலரும் சொல்லும் "அடித்தால் பந்து எங்கே போகும் தெரியுமா" என்பது இல்லை. அடித்தால் தூரம் போகும் பையன்கள் மைனர் லீகில் மூலைக்கு ஒருவர் இருப்பார்கள், பாதிப் பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

முதல் காரணம், அந்த 42-ஐக் கழித்த பிறகு மிச்சம் இருப்பது. 84-இல் 42 போனால் மீதி 42. அதாவது பேட்டில் பந்து பட்டு ஆட்டம் நகர்ந்தது 42 தடவை, அதில் 15 ஹிட். 0.357. அதில் 4 ஹோம் ரன், கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று. ஒன்பது வாக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து தடவையில் ஒரு தடவை பந்தைத் தொடாமலே முதல் பேஸுக்கு நடந்து போகிறவன், கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பந்தையும் வீசுகிறவன் கிடையாது. அவனுக்கு எது ஸ்ட்ரைக், எது இல்லை என்று தெரிகிறது. தெரிந்தும் பேட் நேரத்துக்கு வரவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். முன்னது கண்ணில், பின்னது காலில், இடுப்பில். கண்ணைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம், இடுப்பைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது, இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இந்தப் பையன் இதே போல ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து எழுந்திருக்கிறான். 2013 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 32-ஆவது ஆளாக யாங்கீஸ் எடுத்தது, கால் தசைக் காயத்தால் அந்த வருடம் ஒரு ஆட்டமும் இல்லை. 2014-இல் கீழ்நிலை அணிகளில் 0.308. 2015 முதல் பாதியில் டபுள் ஏ ட்ரென்டனில் 0.284, 12 ஹோம் ரன். உடனே ட்ரிபிள் ஏ ஸ்கிராண்டனுக்கு ஏற்றினார்கள். அங்கே 61 ஆட்டத்தில் 0.224, 74 ஸ்ட்ரைக் அவுட். அங்குள்ள பிட்சர்கள் பெரும்பாலும் மேஜர் லீகில் கொஞ்ச நாள் ஆடிவிட்டு இறங்கியவர்கள், வேகம் குறைவு, தந்திரம் அதிகம், பையனை நன்றாக வெளியே இழுத்துவிட்டார்கள். 2016-இல் அதே ஸ்கிராண்டன், அதே மாதிரி பிட்சர்கள்: 93 ஆட்டத்தில் 0.270, 19 ஹோம் ரன். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 28 சதவீதத்தைத் தாண்டி இருந்தது 24-க்கு இறங்கியது, வாக் வாங்குவதும் கூடியது. நடுவில் முழங்காலில் அடிபட்டு ஏறக்குறைய ஒரு மாதம் போகாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு படி ஏறுவான், முதலில் அடிவாங்குவான், அடுத்த தடவை அதே படியில் நின்று காட்டுவான். இந்த வரலாறு இருக்கிறவனின் 0.179-உம், எங்கேயும் அடிபடாமல் வழுக்கிக்கொண்டு மேலே வந்தவனின் 0.179-உம் ஒன்றில்லை. அணி நிர்வாகங்கள் இதை ஏன் குறைவாக எடைபோடுகின்றன என்று எனக்குப் புரிவதில்லை, ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க நவீனக் கருவி எதுவும் வேண்டாம், மூன்று வருட ஸ்கோர் அட்டை போதும்.

வயதையும் பார்க்க வேண்டும். பையன், பையன் என்கிறோமே தவிர 2017 ஏப்ரலில் அவருக்கு 25 ஆகப்போகிறது. கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர், மைனர் லீகில் ஏறக்குறைய 350 ஆட்டம் ஆடியாகிவிட்டது. ஸ்கிராண்டனில் இனி கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அவரைத் திணறடித்தது மேஜர் லீக் ஸ்லைடர், அந்த ஸ்லைடர் ஸ்கிராண்டனில் கிடைக்காது. 21 வயதுப் பையனைத் திருப்பி அனுப்புவதில் நியாயம் உண்டு. 25-ஐ நெருங்குகிறவனை அனுப்பினால், அங்கே 25 ஹோம் ரன் அடிப்பான், நமக்குப் புதிதாக ஒன்றுமே தெரியவராது.

சரி, மாற்று யார்? ஹிக்ஸ். எனக்கு ஹிக்ஸ் மேல் கோபமில்லை. இரண்டு பக்கமும் நின்று அடிப்பவர், மூன்று அவுட்ஃபீல்ட் இடத்திலும் நிற்பவர், தோள் பலம் அபாரம், வாக் வாங்கத் தெரிந்தவர். ஆனால் நான்கு சீசன் மேஜர் லீகில் ஆடியும் ஒரு முழு வருடம் தொடர்ந்து அடித்தவர் இல்லை. அவருக்கு இடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம், அந்த ஓரளவு சுமார்தான். லெஃப்ட்டில் பிரெட் கார்ட்னர், சென்டரில் ஜேகபி எல்ஸ்பரி, இரண்டு பேருமே இடக்கை, இரண்டு பேருமே 33-ஐத் தாண்டியவர்கள், பவர் கிடையாது. வலக்கை பவருக்கு மேட் ஹாலிடேயை ஒரு வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்திருந்தார்கள், அது ஒட்டுப்போடும் வேலை. ஸ்கிராண்டனில் கிளின்ட் ஃப்ரேசியர் வேறு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். 84 வெற்றி, 78 தோல்வி என்று முடித்த, அடுத்த வருடம் கோப்பை வெல்லும் என்று யாரும் சத்தியம் செய்யாத அணி. இப்படிப்பட்ட வருடத்தில் ஜட்ஜ் சொதப்பினால் இழப்பு என்ன? சில ஆட்டங்கள். ஹிக்ஸை ஆடவைத்துவிட்டு ஜட்ஜைப் பற்றித் தெரிந்துகொள்ளாமலே 2018-க்குள் போனால்? அடுத்த ஐந்து வருடத் திட்டத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி.

கீழே அனுப்ப ஒரு காசுக் காரணமும் இருந்தது. மேஜர் லீகில் ஆறு வருடச் சேவை முடிந்தால்தான் ஆட்டக்காரர் சுதந்திரமாக வேறு அணியோடு பேச முடியும். 2016-இல் ஜட்ஜ் சேர்த்தது 50 நாளை ஒட்டித்தான். 2017-இல் இரண்டு மாதத்துக்கு மேல் அவரை ஸ்கிராண்டனில் வைத்திருந்தால் அவர் விடுதலை ஆவது 2022-க்குப் பதிலாக 2023-க்குத் தள்ளிப்போயிருக்கும். இதை நான் நியாயப்படுத்தவில்லை, பல அணிகள் கூசாமல் செய்கிற வேலை என்பதால் சொல்கிறேன். யாங்கீஸ் அதைச் செய்யவில்லை, 2022-இல் அவர் 62 அடித்த கையோடு சந்தைக்கு வந்தார், 9 வருடத்துக்கு 36 கோடி டாலர் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. வயிற்றெரிச்சல் இருந்திருக்கும், இருக்கட்டும்.

குளிர்காலத்தில் ஜட்ஜ் என்ன செய்தார் என்பதும் கணக்கில் வர வேண்டும், இது வெளியே முழுசாகத் தெரியாவிட்டாலும் அணிக்குத் தெரியும். கைபேசியில் 0.179 என்று குறித்து வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பாராம், அது பத்திரிகைகளுக்குப் பிடித்த துணுக்கு. எனக்கு முக்கியம் காலும் இடுப்பும். ரிச்சர்ட் ஷென்க் என்ற வெளிப் பயிற்சியாளரிடம் போனார், அணியின் பேட்டிங் பயிற்சியாளர்களோடும் உட்கார்ந்தார். உடம்பு முன்னால் சாய்ந்துபோகாமல் பின்னங்காலில் எடையைப் பிடித்துவைப்பது, பேட் ஸ்ட்ரைக் ஸோனுக்குள் சீக்கிரம் நுழைந்து நீண்ட நேரம் அங்கேயே இருப்பது, இதுதான் வேலை. அப்படி இருந்தால் ஸ்லைடருக்கு இன்னும் ஒரு கண்ணிமை நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த ஒரு இமைதான் அவருக்கு இல்லாமல் இருந்தது.

மார்ச்சில் டாம்பாவில் பயிற்சி முகாம். மேலாளர் ஜோ ஜிரார்டி கடைசி நாட்கள்வரை வாயைத் திறக்கவில்லை, தோற்றால் ஜட்ஜ் ஸ்கிராண்டன் போகவும் வாய்ப்பு இருந்தது. ஜட்ஜ் 0.333 அடித்தார், 3 ஹோம் ரன். ஹிக்ஸும் நன்றாகவே ஆடினார். ஏப்ரல் 2-ஆம் தேதி முதல் ஆட்டம், அதற்குச் சில நாள் முன்புதான் ஜட்ஜ் பெயர் வந்தது. பயிற்சி ஆட்டத்து 0.333-ஐ வைத்து யாராவது முடிவெடுத்தால் எனக்குச் சிரிப்பு வரும், பாதி ஆட்டம் நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பிட்சர்களுக்கு எதிராக நடப்பது. ஸ்ட்ரைக் அவுட் குறைந்ததா, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு வரும் வெளிப்பக்க ஸ்லைடரை விட்டுவிடுகிறாரா என்பதை மட்டும் பார்த்திருந்தால் அது சரியான பார்வை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும்: இப்படிச் சொல்லி எத்தனை பையன்களுக்கு இடம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள்? உண்மைதான். ஜோ அடெல் என்று ஒரு ரைட் ஃபீல்டர், ஏஞ்சல்ஸ் அணி, 2020-இல் 21 வயதில் வந்தார். 38 ஆட்டம், 0.161, 132 தடவையில் 55 ஸ்ட்ரைக் அவுட், 42 சதவீதம். ஜட்ஜின் எண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் வாக்? 132-க்கு 7. ட்ரிபிள் ஏயில் 27 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு, ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல், மேலே வந்தவர். டெக்சஸில் ஒரு பந்து அவர் கையுறையில் பட்டு வேலியைத் தாண்டிப்போன காட்சியை இன்றும் போட்டுக் கிண்டல் செய்கிறார்கள், பாவம். அவருக்கு மேலேயும் கீழேயும் போய்வந்து ஐந்து வருடம் ஆனது, 2025-இல் 37 ஹோம் ரன் அடித்தார். அவருக்கு 2021 தொடக்கத்திலேயே இடம் தராமல் கீழே வைத்தது சரி என்றுதான் சொல்வேன்.

சியாட்டிலின் ஜாரெட் கெலெனிக் இன்னும் வருத்தமான கதை. 2021-இல் 0.181, 14 ஹோம் ரன். கடைசி மாதம் கொஞ்சம் நன்றாகப் போனதை நம்பி 2022-இல் நேரடியாக இடம் கொடுத்தார்கள். 0.141. மே மாதமே ட்ரிபிள் ஏ அணியான டகோமாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவரும் மைனர் லீகில் எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் வந்தவர், விழுந்தால் எப்படி எழுவது என்று பழகும் முன்பே லட்சம் கண் முன்னால் விழுந்தவர்.

மறுபக்கம் மைக் டிரவுட். 2011-இல் 19 வயதில் 40 ஆட்டம், 0.220. 2012 தொடக்கத்தில் ஏஞ்சல்ஸ் அவரைத் தன் ட்ரிபிள் ஏ அணியான சால்ட் லேக்குக்கு அனுப்பியது, பயிற்சி முகாமில் உடம்பு சரியில்லாமல் எடை குறைந்துபோயிருந்ததும் ஒரு காரணம். அங்கே 20 ஆட்டத்தில் 0.403. அதற்குள் மேலே அணி 6 வெற்றி, 14 தோல்வி. ஏப்ரல் 28-இல் கூப்பிட்டார்கள், அந்த வருடம் 0.326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு. ஆனால் டிரவுட்டின் 2011-இல் ஸ்ட்ரைக் அவுட் நோய் கிடையாது, பந்து பட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அப்போதே இடம் கொடுத்திருக்கலாம். அந்த 20 ஆட்டத்தை ஏஞ்சல்ஸ் கையோடு தூக்கிக் கொடுத்ததாகத்தான் நான் பார்க்கிறேன்.

நான் ஜிரார்டி இடத்தில் இருந்தால் ஜட்ஜுக்குக் கொடுத்திருப்பேன், ஆனால் நிபந்தனையோடு. ஆவரேஜ் 0.200-க்குக் கீழே போனாலும் தொடமாட்டேன். 200 தடவை பேட் பிடித்த பிறகு ஸ்ட்ரைக் அவுட் 38 சதவீதத்துக்கு மேல் நின்றால், வாக்கும் குறைந்தால், ஸ்கிராண்டன். வரிசையில் ஏழாவது எட்டாவது இடத்தில் இறக்குவேன், நடுவில் வேண்டாம். ரைட் ஃபீல்டில் அவர் எப்படியும் சம்பளத்தை ஈடுகட்டிவிடுவார், அந்த உடம்புக்கு அந்த ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள், மூன்றாவது பேஸுக்கு அவர் எறிவதைப் பார்த்தால் எதிரணி ஓடப் பயப்படும்.

அந்த நிபந்தனைக்கு வேலையே வரவில்லை. ஏப்ரலில் மட்டும் 10 ஹோம் ரன், புதுமுகத்துக்கான ஏப்ரல் சாதனையைச் சமன் செய்தது. வருடம் முடிந்தபோது 0.284, 52 ஹோம் ரன், 127 வாக், 208 ஸ்ட்ரைக் அவுட். கவனியுங்கள், 208! விகிதம் 31 சதவீதத்தை ஒட்டி. நோய் முழுசாகத் தீரவில்லை, தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது, அவ்வளவுதான். தொடர்ந்து 37 ஆட்டத்தில் ஒரு ஸ்ட்ரைக் அவுட்டாவது வாங்கினார் என்ற சாதனையும் அதே வருடத்தில்தான். ஆகஸ்டில் 0.185-க்கு விழுந்தார், பழைய பேச்சு எல்லாம் திரும்பக் கிளம்பியது, தோளுக்கு ஐஸ் கட்டிக்கொண்டு ஆடுகிறார் என்றார்கள். ஜிரார்டி ஓய்வு கொடுத்தாரே தவிர இடத்தை எடுக்கவில்லை. செப்டம்பரில் 15 ஹோம் ரன். 25-ஆம் தேதி கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 49, 50 இரண்டும் ஒரே நாளில், மார்க் மக்குவைர் 1987-இல் வைத்த புதுமுகச் சாதனை போயிற்று. சிறந்த புதுமுகம் ஒருமனதாக, எம்விபியில் இரண்டாம் இடம், முதலிடம் அந்தச் சின்ன ஜன்னல்காரர் அல்டுவேக்கு.

ஹிக்ஸ் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. மே மாதம் எல்ஸ்பரி சென்டர் ஃபீல்ட் சுவரில் மோதித் தலையில் அடிபட்டு உட்கார, அந்த இடம் ஹிக்ஸுக்கு வந்தது. நடுவில் காயம் வந்தும் 88 ஆட்டத்தில் 0.266, 15 ஹோம் ரன், அதுவரைக்கும் அவருடைய மிகச் சிறந்த வருடம். குளிர்காலம் முழுக்க இவனா அவனா என்று அடித்துக்கொண்ட இரண்டு ஆரன்களும், அந்த வருடம் பல நாள் பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் ஆடினார்கள்.